கண்டாயத்துகள்: ஒடிசாவின் வாளேந்திய உழவர்கள்

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயில்பாதையில் புவனேஸ்வரத்துக்குச் சற்று முன்னால் குர்தா ரோடு என்று ஒரு ஜங்ஷன் வரும். புரிக்குப் பிரிகிற பாதை அங்கேதான் தொடங்குகிறது. ஸ்டேஷன் இருப்பது ஜட்னி என்ற ஊரில். குர்தா நகரம் அங்கிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, பருணேய் மலையடிவாரத்தில் இருக்கிறது. இன்று அது சாதாரண மாவட்டத் தலைநகரம். இருநூறு வருஷத்துக்கு முன்பு வரை அது ஒரு ராஜ்ஜியத்தின் தலைநகரம். அந்த ராஜ்ஜியத்தின் படைபலத்தில் பெரும்பகுதி பாசறையில் இல்லை, வயலில் இருந்தது. ஏர் பிடித்தவர்களே ராஜா கூப்பிட்டதும் வாளும் கேடயமுமாக வந்து நின்றார்கள். அப்படி நின்றவர்களின் வழியில் உருவான பெரிய சாதிதான் கண்டாயத்.

ஒடிசாவில் நிலமும் எண்ணிக்கையும் அதிகம் உள்ள இந்துச் சாதி எது என்று கேட்டால் பெரும்பாலோர் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். கட்டக், புரி, குர்தா, ஜாஜ்பூர், கேந்திரபாடா, ஜகத்சிங்பூர் என்று கடலோர மாவட்டங்கள் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். ஜார்க்கண்டின் தென்பகுதியிலும் உண்டு. ஒடியாவில் 'கண்டா' என்றால் அகலமான நேர்வாள். பெயர் அதிலிருந்து வந்தது என்பதே பொதுவான விளக்கம். தொழிலைக் கேட்டால் விவசாயம் என்பார்கள், பரம்பரையைக் கேட்டால் படைவீரர் என்பார்கள். இரண்டும் உண்மைதான். அது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் இந்தச் சாதியின் கதை முக்கால்வாசி விளங்கிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கண்டாயத் பற்றிப் படிக்கும் இடத்தில் எல்லாம் 'பைகா' என்ற சொல்லும் கூடவே வரும். பைகா என்பது வேலை. நிலம் பெற்றுக்கொண்டு அதற்காகப் படைச்சேவை செய்பவர் பைகா. கண்டாயத் என்பது சாதி. பைகாக்களில் கண்டாயத்துகள் நிறையப் பேர். அவர்களை நடத்திய தலைவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆனால் பைகாக்கள் எல்லோரும் கண்டாயத்துகள் இல்லை. அசாமில் ஆஹோம் அரசர்கள் காலத்தில் இருந்த 'பாயிக்' முறை இன்னொரு குழப்பம். அது உடல் உழைப்பு தரக்கூடிய ஆண்கள் எல்லோரையும் பட்டியலிட்டு முறைவைத்து அரசு வேலைக்கு இழுக்கும் ஏற்பாடு. பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வேறு வேறு.

மானிய நிலமும் மலைக்கோட்டையும்

இந்த ஏற்பாட்டின் அடித்தளம் மானிய நிலம். ராஜா ஒரு குடும்பத்துக்கு வரியில்லாமலோ, பேருக்கு ஒரு சிறு வரி வைத்தோ நிலம் கொடுப்பார். சம்பளம் கிடையாது, அந்த நிலம்தான் சம்பளம். அதற்குக் கைமாறாக அந்தக் குடும்பம் கோட்டையைக் காவல் காக்க வேண்டும், கணவாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், போர் என்று வந்தால் ஆள் அனுப்ப வேண்டும். சேவை தொடரும்வரை நிலமும் தொடரும். அப்பனுக்குப் பின் மகன் வாளையும் எடுத்துக்கொள்வான், வயலையும் எடுத்துக்கொள்வான். நம் ஊர்ப் பக்கம் தலையாரிக்கும் கோயில் ஊழியர்களுக்கும் விட்ட ஊழிய மானியத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் பிடிபடும். வித்தியாசம் அளவில்தான், அங்கே ஒரு நாட்டின் படையே இந்த மானியத்தில் நின்றது.

குர்தா ராஜ்ஜியத்தில் இதன் அடிப்படை அலகுக்கு 'கடா' என்று பெயர். கோட்டை என்று பொருள். கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி கல் மதில்களைக் கற்பனை செய்ய வேண்டாம். பல இடங்களில் ஒரு குன்று, அதைச் சுற்றி அடர்ந்த மூங்கில் காடு, மண்மேடு, உள்ளே ஊர். அவ்வளவுதான். அதன் தலைவர் 'தளபெஹெரா'. அந்தக் கடாவின் பைகாக்கள் அவருக்குக் கீழ். கணக்கு எழுத 'கரண' என்ற எழுத்தர் சாதிக்காரர் இருப்பார். குயவர், நாவிதர், வண்ணார், பூசாரி ஆகியோருக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ற பங்கு உண்டு. ஊரின் காவல் தெய்வம் பெரும்பாலும் ராமசண்டி. தசராவில் தெய்வத்தின் முன் ஆயுதங்களை வைத்துப் பூஜை நடக்கும். நிலம், படை, ஊர் நிர்வாகம், சாமி எல்லாம் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. தளபெஹெராக்களுக்கெல்லாம் மேலே, ராஜாவுக்கு அடுத்த நிலையில், 'பக்ஸி' என்ற படைத்தலைவர். இந்தப் பதவிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பைகாக்கள் களத்தில் எப்படி இருந்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஆண்ட்ரூ ஸ்டெர்லிங் 1820களில் ஒடிசா பற்றி விரிவாக எழுதிவைத்தார். அவர் பைகாக்களை மூன்று பிரிவாகச் சொல்கிறார். பஹரிகள் கையில் பெரிய கேடயமும் நீண்ட நேர்வாளும். கேடயம் மரத்தால் ஆனது, மேலே தோல் போர்த்தி இரும்புக் குமிழ்கள் பதித்தது. கோட்டைக் காவல் இவர்கள் பொறுப்பு. பனுவாக்களிடம் திரித்துப்பாக்கி, தூரப் படையெடுப்புகளுக்குப் போவது இவர்கள். டெங்கியாக்களிடம் வில், அம்பு, வாள். போருக்குப் புறப்படும்போது புலித்தோல் அல்லது சிறுத்தைத்தோலில் தைத்த தொப்பியும் மேல்சட்டையும், உடம்புக்கும் தொடைக்கும் சங்கிலிக் கவசம், இடுப்பில் ஏதாவது காட்டு விலங்கின் வாலைக் கச்சையாகச் சுற்றுவது. கைகால்களில் மஞ்சள் மண்ணையும் முகத்தில் சிவப்பையும் பூசிக்கொள்வார்கள். எதிரியை மிரட்டுவதும் போரின் ஒரு பகுதி என்று அறிந்தவர்கள்.

அதே ஸ்டெர்லிங் இன்னொரு விஷயமும் சொல்கிறார். என் பார்வையில் அவருடைய குறிப்பிலேயே மிக முக்கியமானது அதுதான். பைகாக்கள் பல சாதிகளிலிருந்தும் வந்தார்கள். அதிகம் பேர் 'சாஸா' எனப்படும் உழவர்கள். கண்டரா, பாண, பாவுரி போன்ற தாழ்த்தப்பட்ட சாதியினரும் இருந்தார்கள். மலையில் வாழும் கந்தா பழங்குடியினர் இருந்தார்கள். தெலுங்கர்களும் முஸ்லிம்களும்கூட இருந்தார்கள். படையில் சேரப் பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. ஆனால் படைக்குள்ளே மேல், கீழ் இருந்தது. நல்ல நிலமும் தலைமையும் மேலே இருந்தவர்களிடமே போய்ச் சேர்ந்தன.

இவ்வளவு பெரிய ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

ஒடிசா ஒரு காலத்தில் பேரரசு. 1434-35 வாக்கில் கபிலேந்திர தேவர் ஆட்சிக்கு வந்தார். கஜபதி அரசர்களில் சூரிய வம்சத்தைத் தொடங்கியவர். கட்டக் தலைநகரம். அவர் காலத்துப் படைகள் கங்கைக் கரையிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வரை வந்தன. அவருடைய பேரன் தட்சிண கபிலேஸ்வர குமார மகாபாத்திரரின் 1464ஆம் ஆண்டுக் கல்வெட்டு திண்டிவனம் பக்கத்திலுள்ள முன்னூரில் இருக்கிறது. அந்தப் படையெடுப்பில் ஏற்பட்ட சேதத்தை 'ஒட்டியன் கலபை' என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. நாடு முழுக்கப் பரவியிருந்த மானியப் படைவீரர்கள் இல்லாமல் இவ்வளவு தூரம் படை நடத்தியிருக்க முடியாது.

பேரரசு நிலைக்கவில்லை. 1568இல் வங்காளத்தின் ஆப்கானிய சுல்தான் சுலைமான் கர்ரானியின் படை வந்தது, கடைசி சுதந்திர மன்னர் முகுந்த தேவர் இறந்தார். அதன்பின் ராமச்சந்திர தேவர் என்பவர் குர்தாவில் புதிய ஆட்சியை நிறுவினார். 1592இல் அக்பரின் தளபதி மான்சிங் அவரை அங்கீகரித்தார். புரி ஜெகந்நாதர் கோயிலின் காவலர் என்ற பெருமையும் குர்தா ராஜாவுக்கே வந்தது. ரதயாத்திரையில் தங்க விளக்குமாறு பிடித்துத் தேரைப் பெருக்குகிறாரே புரி ராஜா, அவர் இந்தக் குர்தா வம்சத்தில் வந்தவர்தான்.

வளமான கடலோரச் சமவெளி கைநழுவி முகலாயரிடமும், 1751இல் நாக்பூர் போன்ஸ்லே மராட்டியரிடமும் போனது. ராஜாவிடம் மிஞ்சியது மலையும் காடும் சார்ந்த பகுதி. பைகா முறை வேரூன்ற அதுவே சரியான இடமாக அமைந்தது. காசு கொட்டிப் படை வைத்துக்கொள்ளும் வசதி சின்ன ராஜாவுக்குக் கிடையாது. நிலம் இருக்கிறது, கொடுக்கலாம். குர்தாவில் மட்டும் இல்லை. கனிகா, குஜங், ஆல், சுகிந்தா போன்ற 'கில்லா' ஜமீன்களிலும் மேற்கே மலைநாட்டுச் சமஸ்தானங்களிலும் இதே முறை பல வடிவங்களில் ஓடியது. பழைய ஆவணங்களில் அப்படிப்பட்ட ஜமீன் தலைவர்களையே 'கண்டாயத்' என்று குறிப்பிடுவதும் உண்டு. ஆக, அந்தச் சொல் ஒரு காலத்தில் பதவியையும் குறித்தது, பிறகு சாதியையும் குறித்தது.

யார் கண்டாயத்?

இதுதான் புதிதாகப் படிப்பவர்களைத் தடுமாற வைக்கும் இடம். வெளியிலிருந்து பார்க்கும்போது சாதி என்பது ஆதியிலிருந்து அப்படியே இருந்து வந்த பெட்டி போலத் தெரியும். கண்டாயத் விஷயத்தில் அது பொருந்தாது. நிலமும் படைச்சேவையும் ஒருவர் கைக்கு வந்துவிட்டால், இரண்டு மூன்று தலைமுறையில் அவர் குடும்பம் கண்டாயத் என்று அழைக்கப்படும். சாஸா உழவர் குடும்பங்கள் பல அப்படித்தான் மேலே வந்தன. புயான் போன்ற பழங்குடித் தலைவர்களின் வழிவந்தவர்களும் கண்டாயத்துகளாக மாறியிருக்கிறார்கள். கண்டாயத் புயான் என்ற பெயரே அதற்கு அடையாளம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாதிகளைப் பட்டியல் போட்ட ஹெர்பர்ட் ரிஸ்லி, கண்டாயத்துகளுக்குள் இரண்டு பெரும்பிரிவைப் பதிவு செய்தார். மேலே மகாநாயக் அல்லது ஸ்ரேஷ்ட கண்டாயத். பெரிய நிலக்கிழார்கள், படைத்தலைவர் வம்சம். கீழே சாஸா கண்டாயத் அல்லது பைக் கண்டாயத். சிறு நிலம் வைத்து உழுபவர்கள். இரண்டுக்கும் நடுவே கோடு போட முடியுமா என்றால், கல்யாணப் பேச்சில் கோடு உண்டு. ஆனால் வசதி வந்த குடும்பம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவதும் உண்டு. நிலம் பெருகினால் பட்டம் மாறும், சம்பந்தம் செய்யும் வீடு மாறும், கொஞ்ச காலத்தில் பழைய பெயரைச் சொல்ல ஊரில் ஆள் இருக்காது.

பட்டப்பெயர்களைப் பார்த்தாலே பழைய ராஜ்ஜியத்தின் உத்தியோகப் பட்டியல் கண்ணில் படும். சேனாபதி, தளபெஹெரா, பைக்ராய், நாயக், ரவுத்ராய், சாமந்தராய், பலியார்சிங், மங்கராஜ் என்று போகும். உத்தரகபாட் என்றால் வடக்கு வாசல், பஸ்சிமகபாட் என்றால் மேற்கு வாசல்; அந்தத் திசையைக் காத்த குடும்பத்துக்கு ராஜா கொடுத்த பட்டம் அது. இன்று அந்தப் பெயரோடு ஒருவர் வங்கியில் குமாஸ்தாவாகவும் இருப்பார், ஐ.டி. கம்பெனியிலும் இருப்பார். இந்தப் பட்டங்களில் பல மற்ற சாதிகளிலும் உண்டு. பெயரை மட்டும் வைத்து ஒருவரின் சாதியைத் தீர்மானித்தால் அடிக்கடி தப்பாகிவிடும்.

வர்ணக் கேள்வியும் வரும். தாங்கள் க்ஷத்திரியர் என்பது கண்டாயத்துகளின் பொதுவான உரிமைக்கோரல். வெள்ளைக்காரர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிகளை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தத் தொடங்கியபோது இந்தியா முழுக்கப் பல சாதிகள் மனு மேல் மனு போட்டன. கண்டாயத் தலைவர்களும் அந்த அலையில் இருந்தார்கள். பிராமணர்களும் மலைநாட்டு ராஜவம்சத்தாரும் அதை எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்ளவில்லை. கிராமத்தில் உண்மையான செல்வாக்கைத் தீர்மானித்தது வர்ணம் இல்லை, நிலம்தான். நஞ்சை யார் கையில் இருந்ததோ அவர் சொல்தான் பஞ்சாயத்தில் எடுபட்டது. அந்த நஞ்சையில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள் பெரும்பாலும் பாவுரி, பாண, கண்டரா மக்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விளக்கம் முழுமையாகும். வாளேந்திய உழவன் என்ற பெருமையான சித்திரத்துக்குள் அந்தக் கூலி உழைப்பும் இருக்கிறது.

மானியம் பறிபோன கதை

1803 செப்டம்பரில் கர்னல் ஹார்கோர்ட் தலைமையில் கம்பெனிப் படை சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கஞ்சத்திலிருந்து புறப்பட்டுப் புரிக்குள் நுழைந்தது. அக்டோபர் 14 அன்று கட்டக்கின் பாராபாட்டி கோட்டை விழுந்தது. மராட்டியர் போனார்கள், கம்பெனி வந்தது. குர்தா ராஜா இரண்டாம் முகுந்த தேவர் இளைஞர். அவருக்காகக் காரியம் பார்த்தவர் ஜயி ராஜகுரு. மராட்டியர் பிடுங்கிக்கொண்ட லெம்பாய், ரஹங், சிராய், சவிஸ்குட் என்ற நாலு பர்கனாக்களை (வருவாய் வட்டங்களை) கம்பெனி திருப்பித் தரும் என்று எதிர்பார்த்தார்கள். தரவில்லை. 1804இல் மோதல் வெடித்தது. கோட்டை முற்றுகையிடப்பட்டு விழுந்தது, ராஜா பிடிபட்டார், குர்தா கம்பெனியின் நேரடி நிர்வாகத்துக்குப் போனது. ஜயி ராஜகுருவுக்கு மிதுனப்பூரில் 1806 டிசம்பரில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். ராஜாவைப் பின்னர் விடுவித்துப் புரிக்கு அனுப்பி, ஜெகந்நாதர் கோயில் மேற்பார்வையைக் கொடுத்தார்கள். நாடில்லாத ராஜா.

சரி, ராஜா போனால் பைகாவுக்கு என்ன? எல்லாமே போனது. கம்பெனிக்குச் சம்பளப் பட்டாளம் இருந்தது. கூப்பிட்டால் வரும் உழவர்படை அதற்குத் தேவையில்லை. படைச்சேவை தேவையில்லை என்றால் அதற்காக விட்ட மானியம் எதற்கு? மேஜர் ஃபிளெட்சர் குர்தாவின் நிலவரியைச் சீரமைத்தபோது பைகாக்களின் மானிய நிலங்கள் மீட்கப்பட்டு, அவற்றுக்கு வரி போடப்பட்டது. கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு வருமான இனம். குர்தாக்காரனுக்கோ அது சம்பளம், கௌரவம், ஊரில் அவனுக்கிருந்த இடம் மூன்றும் ஒரே நாளில் போன கதை.

அது போதாதென்று காசு விஷயம். ஒடிசாவில் அன்றாடப் பணம் சோழிதான். 80 சோழி ஒரு பண், 16 பண் ஒரு கஹாண்; அதாவது ஒரு கஹாணுக்கு 1,280 சோழி. கம்பெனி வரியை வெள்ளி ரூபாயில் கேட்டது. நாலு கஹாணுக்கு ஒரு ரூபாய் என்றிருந்த நிலை மாறி ஆறு, ஏழு கஹாண் கொடுத்தால்தான் ஒரு ரூபாய் கிடைத்தது. வரித்தொகையைக் காகிதத்தில் ஒரு பைசா ஏற்றாமலேயே உழவன் கட்ட வேண்டிய நெல் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. அப்புறம் உப்பு. கடலோரத்தில் காய்ச்சிக் கைக்கெட்டிய விலையில் கிடைத்த உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது, விலை பல மடங்கு ஏறியது. கிஸ்தி தவறிய ஜமீன்கள் கல்கத்தாவில் ஏலத்துக்குப் போயின. ஏலம் நடப்பதே தெரியாமல் பல ஒடியாக் குடும்பங்கள் நிலத்தை இழந்தன. வாங்கியவர்களில் பலர் அந்த ஊரைக் கண்ணால் பார்க்காத வெளியூர்ப் பணக்காரர்கள்.

இப்போது பக்ஸிக்கு வருவோம். குர்தாவின் பரம்பரைப் படைத்தலைவர் பக்ஸி ஜெகபந்து பித்யாதர். ராஜ்ஜியம் போன பிறகும் ரோடங் என்ற கில்லா அவர் குடும்பத்திடம் இருந்தது. 1814இல் அதையும் இழந்தார். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உரிமையை நிரூபிக்கும்படி சொன்னார்கள். இரண்டு மூன்று வருஷம் குர்தா மக்கள் கொடுத்ததை வைத்துத்தான் அவர் வாழ்ந்தார் என்பது பதிவாகியிருக்கிறது.

1817 மார்ச் கடைசியில் கும்சரிலிருந்து சுமார் நானூறு கந்தாக்கள் குர்தா எல்லைக்குள் இறங்கினார்கள். கும்சர் அப்போது சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் இருந்தது, இன்றைய பஞ்சநகர் பகுதி. ஜெகபந்துவும் பைகாக்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். முதல் அடி பாண்பூரில். போலீஸ் ஸ்டேஷனும் சர்க்கார் கட்டடங்களும் எரிந்தன, நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், சுமார் 15,000 ரூபாய் கஜானாப் பணம் பறிபோனது. அங்கிருந்து குர்தா நகரம். அதிகாரிகள் ஓடிவிட்டார்கள், அலுவலகங்கள் தீக்கிரையாயின. ஏப்ரல் தொடக்கத்தில் கங்கபாடாவில் நடந்த சண்டையில் கம்பெனி லெப்டினென்ட் ஒருவர் இறந்தார். ஏப்ரல் நடுவில் பைகாக்கள் புரிக்குள் நுழைந்தார்கள். கோயில் பண்டாக்கள் (பூசாரிகள்) கம்பெனி ஆட்சி முடிந்தது, முகுந்த தேவரே மறுபடி ராஜா என்று அறிவித்தார்கள். இராணுவச் சட்டம் போடப்பட்டது. குஜங், பட்டாமுண்டாய் பக்கமும் கலகம் பரவியது.

திரித்துப்பாக்கியும் வில்லும் கம்பெனிப் பட்டாளத்தின் முன் நீண்ட நாள் நிற்கவில்லை. புரியை மீட்டார்கள், ராஜாவைக் கட்டக்குக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் அங்கேயே இறந்தார். ஜெகபந்து மட்டும் சிக்கவில்லை. மலையும் காடும் மக்களும் அவரை மறைத்தார்கள். 1825இல் கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டு வெளியே வந்தார். மாதம் 150 ரூபாய் பென்ஷன், கட்டக்கில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. 1829இல் அங்கேயே காலமானார். கலகத்தின் காரணங்களை விசாரிக்க வந்த வால்டர் ஈவர் என்ற அதிகாரி பறிபோன மானியம், வெள்ளி வரி, உப்பு, அதிகாரிகளின் அட்டூழியம் எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினார். கம்பெனியின் ஆள் எழுதிய அறிக்கையே கம்பெனியின் மேல் குற்றப்பத்திரிகை போல இருக்கிறது.

குர்தாவில் நடந்தது தனி நிகழ்வும் இல்லை. அதற்கு முன்பே 1798-99இல் வங்காளத்தின் மிதுனப்பூர்ப் பக்கம் பைக்குகளின் மானிய நிலத்தைக் கம்பெனி மீட்கப் போய்த்தான் சுவார் கிளர்ச்சி வெடித்தது. தெற்கே நம் பாளையக்காரர்களின் காவல் உரிமையும் படைகளும் கலைக்கப்பட்டது அதே காலத்தில், அதே கம்பெனியால். உள்ளூர்க்காரன் கையில் நிலமும் ஆயுதமும் சேர்ந்திருப்பதை அந்த ஆட்சியால் பொறுக்க முடியவில்லை.

வாள் போன பிறகு

படை போனது, சாதி நின்றது. மலைநாட்டுச் சமஸ்தானங்களில் பைகா மானியம் சில வடிவங்களில் 1940களில் அவை இந்தியாவோடு இணையும்வரை நீடித்தது. கடலோரத்தில் கண்டாயத்துகள் முழுநேர விவசாயிகளானார்கள். ஊரில் வரி வசூல், நிர்வாகப் பொறுப்புகள் அவர்களில் வசதியானவர்களிடம் போயின. இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடம், அரசு வேலை, போலீஸ், ராணுவம், அரசியல் என்று நகர்ந்தார்கள். ஒடிசா அரசியலில் எந்தக் கட்சியும் இவர்களை ஒதுக்கிவிட்டு வேட்பாளர் பட்டியல் போட முடியாது. மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் என்று பலரும் பல எண்கள் சொல்வார்கள். சாதிவாரி எண்ணிக்கை முழுமையாக வெளியான கடைசிக் கணக்கெடுப்பு 1931ஆம் ஆண்டுடையது. சாஸாக்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்தே கூட்டல் மாறிவிடும். அதனால் அந்தச் சதவீதங்களை ஒரு சந்தேகத்தோடே படியுங்கள்.

ஆயுதப் பயிற்சி ஆட்டமாக மிச்சமிருக்கிறது. குர்தாப் பக்கத்து ஊர்களில் 'பைகா ஆகடா' எனப்படும் பயிற்சிக்கூடங்கள் இன்றும் உண்டு. தசராவிலும் அரசு விழாக்களிலும் வாளும் கேடயமும் கம்பும் சுழல, மேளமும் மஹுரி எனும் நாதஸ்வர வகை வாத்தியமும் முழங்க, இளைஞர்கள் களமிறங்குவார்கள். மயூர்பஞ்ச், சராய்கேலா ஊர்களின் சௌ நடனத்தைப் பார்த்திருந்தால் அதன் கால்வைப்பில் போர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சராய்கேலாவில் சௌ ஆடுபவர்களின் அடிப்படைப் பயிற்சிக்கே 'பரி கண்டா கேல்' என்று பெயர்: கேடயமும் வாளும் கொண்ட விளையாட்டு. 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சௌ இடம்பெற்றது.

1817 பற்றிய வாதம் இன்னும் சூடாகவே இருக்கிறது. 1857க்கு நாற்பது வருஷம் முன்னால் நடந்ததால் இதையே முதல் இந்திய விடுதலைப் போராக அறிவிக்க வேண்டும் என்பது ஒடிசாவின் கோரிக்கை. 2018இல் நினைவு நாணயமும் தபால்தலையும் வந்தன. 2019 டிசம்பரில் பருணேய் அடிவாரத்தில் நினைவகத்துக்கு அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அடிக்கல் நாட்டினார். 2021இல் மத்திய கலாச்சார அமைச்சகம் 'முதல் விடுதலைப் போர்' என்ற பட்டத்தைத் தர மறுத்து, எட்டாம் வகுப்புப் பாடநூலில் சேர்ப்பதாக மாநிலங்களவையில் சொன்னது. 2025இல் வந்த புதிய எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பகுதியில் அது இல்லை என்றதும் ஒடிசாவில் மறுபடி கொந்தளிப்பு.

எது முதல், எது இரண்டாவது என்ற போட்டியில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. 1817ஐக் கண்டாயத்துகள் மட்டும் நடத்திய போர் போலச் சொல்லும் வழக்கம்தான் உறுத்துகிறது. பாண்பூருக்குள் முதலில் இறங்கியவர்களில் கந்தாக்கள் இருந்தார்கள். பைகாப் படையில் பாணரும் பாவுரியும் கண்டராவும் இருந்தார்கள் என்று அதைக் கண்ணால் கண்ட காலத்தவரே எழுதிவைத்திருக்கிறார். பாடநூலில் அந்தப் பக்கம் எழுதப்படும்போது ஜெகபந்துவின் பெயரோடு இவர்களின் சாதிப் பெயர்களும் பழங்குடிப் பெயர்களும் அதே வரியில் வர வேண்டும்.